குதிரை வாலின் பளபளப்பு

சல்தனாத் அதைக் கல்யாண வீட்டில் வைத்துச் சொன்னாள். விரிப்பைச் சுற்றி இருபது பெண்களாவது உட்கார்ந்து இறைச்சி தின்றுகொண்டிருந்தார்கள்.

“ஏண்டி ஜுமாகுல், உன் சடைய விட உன் புருஷனோட குதிரை வாலு பளபளன்னு இருக்கே. என் தம்பி வீட்டுல குதிரைக்கு ஒரு சோப்பு, பொண்டாட்டிக்கு ஒரு சோப்பா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஜுமாகுலும் சிரித்தாள். நாத்தனார் வாய்க்கு அவள் பதினோரு வருஷமாகப் பழகிப்போயிருந்தாள். ஆனால் வீடு திரும்பும் வழியில் அந்தக் கேள்விதான் மண்டையைக் குடைந்தது. ஏனென்றால் வீட்டில் இருந்தது ஒரே சோப்பு. ஆட்டுக்கொழுப்பையும் உவர்ச்செடிச் சாம்பலையும் சேர்த்து இலையுதிர் காலத்தில் அவளே காய்ச்சுகிற கறுப்புக் கட்டி. தண்ணீரும் ஒரே வாய்க்கால் தண்ணீர். அப்படியிருக்க, குதிரையின் வால் பட்டாக வழுக்கியது. அவள் முடியோ துடைப்பம் போல விறைத்து நின்றது. சீப்பு பாதி வழியில் மாட்டிக்கொள்ளும்.

ஜுமாகுலுக்கு வேலை பால் சேகரிப்பு நிலையத்தில். தினமும் காலையில் ஊரார் கொண்டுவரும் ஒவ்வொரு கேனிலும் சோதனைத் தாளை முக்கிப் பார்ப்பாள். யார் பால் புளித்திருக்கிறது, யார் சோடா கலந்து புளிப்பை மறைத்திருக்கிறார்கள் என்று தாளின் நிறம் சொல்லிவிடும். காரணம் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பது அவள் அங்கே கற்றது.

“குதிரை வாலுக்கு என்ன போடறீங்க?” என்று அன்றைக்கே புருஷன் பெய்ஷெனிடம் கேட்டாள்.

“சோப்பு.”

“அப்புறம்?”

“தண்ணி.”

“வேற?”

“வேற என்ன போடணும், வெண்ணெயா?” என்று சொல்லிவிட்டு அவன் ரொட்டியைத் தேநீரில் நனைத்தான்.

அவள் நம்பவில்லை. ஆனாலும் வெண்ணெய் என்ற சொல் காதில் நின்றுவிட்டதால் மறுநாள் அதைத் தேய்த்துப் பார்த்தாள். நாலு நாள் தலை பிசுபிசுத்தது. தலையணை உறையை இருமுறை துவைக்க வேண்டியிருந்தது. பிறகு செந்தட்டியைக் கொதிக்கவைத்து ஊற்றினாள். வாசனை நன்றாக இருந்தது, சிக்கு அப்படியே இருந்தது. அடுத்தது முட்டை. முட்டையைத் தேய்த்தது சரிதான். அவசரத்தில் வெந்நீரை எடுத்து ஊற்றியதுதான் தப்பு. தலையிலேயே முட்டை வெந்து துணுக்கு துணுக்காக முடியில் ஒட்டிக்கொண்டது. அரைநாள் உட்கார்ந்து பொறுக்கினாள்.

“பசிக்குது ஜுமாகுல். உன் பக்கத்துல உட்கார்ந்தா இன்னும் பசிக்குது,” என்றான் பெய்ஷென்.

“பேசாதீங்க. நீங்க மறைக்கிறதாலதான் எனக்கு இந்தக் கதி.”

“சத்தியமா ஒண்ணும் மறைக்கலடி.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் குதிரையைக் கழுவ முற்றத்துக்குக் கொண்டுவந்தபோது, ஜுமாகுல் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். முப்பத்தாறு வயதில் சொந்தப் புருஷனை ஒளிந்து பார்க்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

அவன் வாலை நனைத்தான். கறுப்பு சோப்பைத் தேய்த்தான். செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினான். அதுவரைக்கும் அவள் செய்வதேதான். பிறகு கொட்டகைப் பக்கம் போனான். அங்கே குருத் என்கிற காய்ந்த தயிர் உருண்டை பிடிப்பதற்காக அவள் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். சொட்டுகிற மஞ்சள் தண்ணீரைப் பிடிக்க அடியில் ஒரு வாளி. பெய்ஷென் அந்த வாளியை எடுத்தான். கொட்டவில்லை, கழுவவில்லை. அப்படியே வாய்க்காலில் முக்கி நிரப்பிக்கொண்டு வந்து, கடைசி அலசலாக வால் மேல் ஊற்றினான்.

ஜுமாகுல் வைக்கோலை உதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

“அந்த வாளில என்ன இருந்துச்சு?”

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். “தண்ணி.”

“அதுக்கு முன்னாடி?”

“கொஞ்சம் தயிர்த்தண்ணி இருந்திருக்கும். அதைக் கொட்டி, கழுவி, அப்புறம் மொள்ளணும்னா யாருக்கு நேரம் இருக்கு?”

“எத்தனை நாளா இப்படி?”

“இன்னொரு வாளி ஓட்டையானதிலேருந்து. போன வருஷம் இருக்கும்.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “வாளி வாங்கச் சொன்னே, மறந்துட்டேன். திட்டணும்னா திட்டிடு,” என்றான்.

அவளுக்குத் திட்டத் தோன்றவில்லை. நேராக உள்ளே போய் நிலையத்திலிருந்து கொண்டுவந்திருந்த தாள்களை எடுத்தாள். சோப்பு கரைத்த நீரில் ஒன்றை முக்கினாள், கருநீலமாகிவிட்டது. தயிர்த்தண்ணீரில் ஒன்று, நெருப்புச் சிவப்பு. இரண்டையும் ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். சோப்பின் காரம்தான் முடியை விறைக்க வைக்கிறது. பின்னால் வருகிற புளிப்பு அந்தக் காரத்தை அடக்குகிறது.

அன்று மாலையே சோப்பு போட்டுக் குளித்து, ஒரு பங்கு தயிர்த்தண்ணீரில் நாலு பங்கு தண்ணீர் சேர்த்துக் கடைசியில் ஊற்றிக்கொண்டாள். அடுப்பருகே உட்கார்ந்து முடி காயும் வரை பொறுத்திருந்து சீப்பை வைத்தாள். உச்சியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பில் இறங்கியது. நம்பாமல் மறுபடியும் வைத்தாள். மறுபடியும் இறங்கியது.

யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அவளுக்கோ இரண்டு தடவை ஊற்றுவது தொல்லையாகப் பட்டது. இரண்டையும் ஒரே புட்டியில் கலந்துவிட்டால் என்ன? சோப்பைச் சீவிக் கரைத்து, தயிர்த்தண்ணீரை ஊற்றினாள். நுரை அப்படியே செத்து, வெள்ளைத் திப்பிகளாகத் திரிந்து மேலே மிதந்தது. தொட்டால் கொழுப்பு. சோப்பு சோப்பாகவே இல்லை, பழையபடி ஆட்டுக்கொழுப்பாகிவிட்டது.

புளிப்போடு சண்டை போடாத நுரை வேண்டும். யோசித்துப் பார்த்தபோது அவளுக்குத் தெரிந்து அப்படி ஒன்றுதான் இருந்தது: கம்பளி விரிப்பு செய்கிறவர்கள் ஆட்டு ரோமத்தை அலசப் போடுகிற நுரைவேர். ஊரில் அது சல்தனாத் வீட்டில் மட்டும்தான் கிடைக்கும்.

இரண்டு நாள் தயங்கிவிட்டுப் போனாள்.

“எஜே, கொஞ்சம் நுரைவேர் வேணும்.” புருஷனின் அக்காவை ஊர் வழக்கப்படி அவள் எஜே என்றுதான் கூப்பிடுவாள்.

“எதுக்கு? விரிப்பு செய்யப்போறியா? ஊசி பிடிக்கவே உனக்கு வராதே.”

“தலைக்கு.”

சல்தனாத் கையில் இருந்த ரோமத்தைக் கீழே வைத்தாள். “ஆட்டுக்குப் போடறத தலைக்குப் போடுவியா?”

“குதிரைக்குப் போடறத ஏற்கனவே போட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”

நாத்தனார் அவள் சடையை இழுத்து, விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பை நிறைய வேர் கொண்டுவந்து கொடுத்தாள். “கண்ணுல படாமப் பாத்துக்க, எரிஞ்சு தள்ளும்,” என்றாள்.

ஜுமாகுல் ஒரு கைப்பிடி வேரை நசுக்கி, நாலு கிண்ணம் தண்ணீரில் போட்டு, பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டினாள். ஆறிய பிறகு தயிர்த்தண்ணீரை அரைக் கிண்ணம் விட்டாள். குலுக்கினாள். நுரை நின்றது. தாளை முக்கினால் இளஞ்சிவப்பு. சமையலறையில் தனியாக நின்று, யாரிடம் சொல்வது என்று தெரியாமல், புட்டியை மறுபடி மறுபடி குலுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் பெய்ஷென் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் ஜன்னலோரம் இருந்த புட்டியின் மூடி பட்டென்று தெறித்துக் கூரையில் அடித்தது. நுரை சுவரெல்லாம் வழிந்தது. வெயிலில் தயிர்த்தண்ணீர் பொங்கிவிட்டிருந்தது.

“இதைத் தலைல வேற ஊத்திக்கணுமா?” என்றான் அவன், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

“ஊத்திக்கறதுக்கு முன்னாடிதான் கலக்கணும் போல,” என்றாள் அவள், அவனுக்குச் சொல்வது போலவும் தனக்குச் சொல்வது போலவும்.

அதன்பிறகு வேரைப் பொடித்து வைத்துக்கொண்டாள். வேண்டியபோது மட்டும் காய்ச்சிப் புளிப்புச் சேர்த்தாள்.

ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் சல்தனாத் வந்தாள். தேநீர் குடித்தாள், கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசினாள், கிளம்புவது போல எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தலைக்குட்டையை அவிழ்த்தாள்.

பதினோரு வருஷத்தில் நாத்தனாரைக் குட்டை இல்லாமல் ஜுமாகுல் பார்த்ததே இல்லை. உச்சியில் ஒரு கையகலத்துக்கு மண்டைத்தோல் தெரிந்தது. சுற்றி இருந்த முடியும் மெலிந்து, நரைத்து, காய்ந்து கிடந்தது.

“சின்னவன் பிறந்ததிலேருந்து இப்படித்தான்,” என்றாள் சல்தனாத், அடுப்பைப் பார்த்துக்கொண்டு. “உன் சடையப் பாத்துத்தான் வந்தேன்.”

அடுத்தவர் முடியைப் பற்றி அவள் ஏன் எப்போதும் பேசிக்கொண்டிருந்தாள் என்பது ஜுமாகுலுக்கு அப்போதுதான் புரிந்தது. பொய் சொல்ல மனசு வரவில்லை.

“எஜே, இது முடியக் கழுவும். முளைக்க வைக்காது.”

“தெரியும்டி. நான் என்ன குழந்தையா? சோப்பு போட்டா தோல் எரியுது. எரியாமக் கழுவினாப் போதும்.”

ஜுமாகுல் குளியல் கொட்டகையில் தண்ணீர் வைத்தாள். வேர்த்தண்ணீரைப் பாதியாக நீர்க்கவைத்தாள். புளிப்பை இரண்டே கரண்டியாகக் குறைத்தாள். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள்.

“எரியுதா?”

“இல்ல.”

“நிஜமாவா?”

“எரிஞ்சா உன்னைச் சும்மா விடுவேனா?”

மெதுவாக ஊற்றி, விரல் நுனியால் தேய்த்தாள். சல்தனாத் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நுரை அவள் கழுத்து வழியாக இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, “இன்னும் ஒரு கரண்டி புளிப்பு விட்டா என்ன ஆகும்?” என்று கேட்டாள்.

“தெரியல எஜே.”

“அப்ப விட்டுப் பாரு.”