இரண்டு லாரிக்கு ஒரு டின் எண்ணெய்

உடையார்பாளையத்தில் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது நிலம், முந்திரிக் கொல்லை, மாடுகள் எல்லாம் இரண்டாயின. லாரியும் ஆளுக்கொன்று. ஓட்டுகிற சாமிதுரை மட்டும் பொதுவில் நின்றான்.

பெரியவர் சிவசுப்பிரமணியனிடம் இருந்தது உலகச் சண்டைக்கு முன்னால் வாங்கிய சீமை லாரி. அது கடலை மூட்டைகளை அரியலூர் ஸ்டேஷனுக்குக் கொண்டு போகும். தம்பி வேணுகோபாலுடையது, சண்டை முடிந்ததும் மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்ட அமெரிக்க லாரி. அது முந்திரியைப் பெரம்பலூருக்கு ஏற்றிப் போகும். பர்மா எல்லையில் பட்டாளத்து வண்டி ஓட்டிவிட்டு வந்த சாமிதுரை, ஒருநாள் அதையும் மறுநாள் இதையும் ஓட்டினான். அவன் குடிசை இருந்தது பெரியவர் மனையில். அவன் மனைவி ஆண்டாயி வேலை செய்தது சின்னவர் மாட்டுக்கொட்டகையில்.

அமெரிக்க லாரியின் பின் ஆக்சிலில் எண்ணெய் ஒழுகிக் குறைந்துபோயிருந்தது. அந்த ஆக்சிலில் பல்சக்கரங்கள் பல்லோடு பல் வழுக்கி உரசும். சாதாரண எண்ணெய் தாங்காது. கந்தக மருந்து கலந்த எண்ணெய்தான் வேண்டும். சீமை லாரிக்கு நேர் எதிர். அதன் பின் ஆக்சிலுக்குள் இருப்பது வெண்கலச் சக்கரம். கந்தகம் பட்டால் அரித்துவிடும். விளக்கெண்ணெய் ஊற்றினால் நன்றாக ஓடும். இது அண்ணன் தம்பி இருவருக்குமே தெரியும். அமெரிக்க லாரி வந்த புதிதில் இருவரும் சாமிதுரையோடு குனிந்து உட்கார்ந்து இரண்டு ஆக்சிலையும் பார்த்தவர்கள்தான்.

திருச்சியில் பல கடை ஏறி இறங்கி, கந்தக எண்ணெய் ஒரே ஒரு டின் வாங்கி வந்தான். அன்று மத்தியானமே பெரியவர் லாரிக் கொட்டகைக்கு வந்தார்.

"அந்த டின்னை என் வண்டிக்கு வெச்சுக்க."

"அய்யா, நம்ம வண்டிக்கு அது ஆகாதுங்களே."

"எனக்குத் தெரியாதா? என் வண்டியில ஊத்தச் சொல்லலை. அவன் வண்டிக்குப் போகக்கூடாது. அதுக்கு விளக்கெண்ணெயை ஊத்து. ரெண்டு மாசத்துல பல்லு தீஞ்சு நிக்கட்டும்."

சாமிதுரை டின்னைக் கொட்டகை மூலையில் வைத்தான்.

"நீ குடியிருக்கிற மனை யாருதுன்னு ஞாபகம் இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு அவர் போனார்.

மறுநாள் காலை அவன் சின்னவரிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவர் கோபப்படுவார், தன்னைக் காப்பாற்றுவார் என்று நினைத்தான். வேணுகோபால் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"அப்படியா சொன்னாரு? பாதி டின்னை என் வண்டிக்கு ஊத்து. மீதியை அவர் வண்டியில ஊத்திடு. வெண்கலம் தூளாப் போவட்டும்."

"சின்னய்யா, என்னால அது முடியாதுங்க."

"முடியாதுன்னா, அவர் சொன்னபடி என் வண்டியை நீ கெடுக்க வந்தேன்னு ஊர்ல சொல்றேன். யாரு உன் பேச்சை நம்புவாங்க?"

அன்று ராத்திரி ஆண்டாயியிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"திருச்சி பஸ் கம்பெனிக்காரரு கூப்பிட்டாரே, போயிடலாமா?" என்றாள்.

"நாம போயிடலாம். எங்க அண்ணன், சித்தப்பா, அவங்க பிள்ளைங்க? எல்லாரும் பெரியவர் மனையிலதான இருக்காங்க."

ஆண்டாயி அடுப்பை ஊதிவிட்டுத் திரும்பினாள். "அப்ப ரெண்டு பேரு சொன்னதையும் செய்யாத. செஞ்சேன்னு சொல்லு."

அப்படியே செய்தான். அமெரிக்க லாரிக்குக் கந்தக எண்ணெய், சீமை லாரிக்கு விளக்கெண்ணெய். கந்தக எண்ணெய்க்கு மூக்கைத் துளைக்கும் நாற்றம் உண்டு. அதனால் சீமை லாரியின் ஆக்சில் கூண்டுக்கு வெளியே அதைக் கொஞ்சம் பூசினான். அமெரிக்க லாரியில் அதே இடத்தில் விளக்கெண்ணெயைத் தடவி வைத்தான். இரண்டு பேரும் தனித்தனியே வந்து மற்றவர் லாரியை மோந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள்.

அதன்பிறகு அவனுக்கு நிம்மதி இல்லை. இரண்டு லாரியும் நன்றாக ஓடின. அதுவே ஆபத்தாக இருந்தது.

"இன்னும் நிக்கலையா?" என்பார் பெரியவர்.

"நாளாகுமுங்க."

"சத்தம் ஏதாவது கேக்குதா?" என்பார் சின்னவர்.

"லேசாக் கேக்குதுங்க."

எந்த லாரி எந்த மேட்டில் முனகினாலும் அவன் இறங்கி அடியில் குனிந்து பார்ப்பான். எது பழுதானாலும் ஒருவர் சந்தோஷப்படுவார். அந்தச் சந்தோஷத்தைக் கண்டே மற்றவர் சதியைத் தெரிந்துகொள்வார்.

ஐப்பசி மழையில் அதுதான் நடந்தது. அரியலூர் சாலைப் பள்ளத்தில் சீமை லாரியின் பாரம் தாங்கும் வில்பட்டை முறிந்து, வண்டி சாய்ந்து நின்றது. எண்ணெய்தான் வேலை காட்டியது என்று வேணுகோபால் எண்ணிக்கொண்டார். அன்றே ஆண்டாயிக்குப் புதுப் புடவை கொடுத்தார். அவள் வேண்டாம் என்றும் விடவில்லை. புடவைச் செய்தி பெரியவர் காதுக்குப் போயிற்று. வண்டி நின்ற அன்றே புடவை என்றால், தம்பி அந்தக் கந்தக எண்ணெயைத் தன் வண்டியில் ஊற்றச் சொல்லியிருக்கிறான் என்று அவர் ஊகித்தார்.

அவர் திருச்சியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, சாமிதுரையையும் பக்கத்தில் நிறுத்தி, ஆக்சிலைத் திறக்கச் சொன்னார். வெண்கலச் சக்கரம் பளபளவென்று இருந்தது. விளக்கெண்ணெயில் விரலைத் தொட்டுப் பார்த்தார். மெக்கானிக்கைக் காபி குடிக்க அனுப்பினார்.

"அவன் சொன்னதை நீ செய்யலை."

"இல்லீங்க."

"அப்ப நான் சொன்னதையும் செய்யலை."

சாமிதுரை தலை குனிந்தான். "என்னை விட்டுடுங்கய்யா. திருச்சிக்குப் போயி பொழைச்சுக்கிறேன். எங்க ஆளுங்களை மட்டும் ஒண்ணும் செய்யாதீங்க."

பெரியவர் விரலிலிருந்த எண்ணெயைத் துண்டில் துடைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கணக்குத்தான் ஓடிற்று.

"எதுக்குப் போறே? ரெண்டு பேர் வண்டியையும் கெடுக்காத ஆளு எனக்கு வேற எங்க கிடைப்பான்? இங்கேயே இரு. நீ போனா உங்க ஆளுங்க எல்லாரும் மனையைக் காலி பண்ணணும். தம்பிகிட்ட இதைச் சொல்லாத. அவன் என் வண்டி கெட்டுப்போச்சுன்னே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்."

மறுநாள் அமெரிக்க லாரியின் முறை. முந்திரி ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் போனான். சரக்கை இறக்கியபின் திருச்சி போகும் டிரங்க் ரோட்டின் முனையில் லாரியை நிறுத்தினான். திருச்சி பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுப் போயிற்று. அவன் அண்ணனையும் சித்தப்பாவையும் நினைத்தான். அவர்களுடைய கூரைகளை நினைத்தான். பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரன் வழி விடச் சொல்லிக் கத்தினான்.

சாமிதுரை ஸ்டீரிங்கை ஒடித்து, லாரியை ஊருக்குப் போகும் அரியலூர்ப் பக்கம் திருப்பினான். கியரின் பல் சத்தமில்லாமல் விழுந்தது. வண்டி நன்றாகத்தான் ஓடிற்று.