கால்மாட்டில் ஒரு ரவைப்பெட்டி

சவப்பெட்டியின் மூடியைப் பணியாளர்கள் இருவர் தூக்கியபோதுதான் சிவநாயகி மகளின் காதருகே குனிந்து சொன்னாள்.

“ரவைப்பெட்டியை அப்பாவோடை வைச்சிட்டன்.”

தர்மினிக்கு உடனே விளங்கவில்லை. அப்பா கடைக்குள் சரிந்து விழுந்த நாளிலிருந்து ஒழுங்கான நித்திரை இல்லை. “என்ன பெட்டி?”

“துவக்கின்ரை. கால்மாட்டிலை, வேட்டிக்குக் கீழை. பொலிஸ்காரன்ரை கையிலை குடுக்க எனக்கு மனம் வரேல்லை, பிள்ளை. அவர் பாத்துப் பாத்து வாங்கினது.”

“அம்மா! உங்களுக்கென்ன விசரோ? இது நெருப்புக்கை போகப்போகுது!”

“போனா என்ன? எல்லாம் சாம்பலாப் போறதுதானே.”

தீயில் விழுந்த துப்பாக்கி ரவை சாம்பலாகாது, வெடிக்கும் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த அது இடமும் அல்ல, நேரமும் அல்ல. உலையடியில் யாரோ ஒரு மனிதர் நிற்பார், அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும். தர்மினி இரண்டு கைகளையும் நீட்டி “பொறுங்கோ!” என்று கத்தினாள். அந்த வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் எங்கே விளங்கும்? பிறகு நோர்வே மொழியில் சொன்னாள். மூடி அந்தரத்தில் நின்றது.

தாய்மாமன் சிறீஸ்கந்தராசா பாய்ந்து வந்தார். வாய்க்கரிசியிலிருந்து எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியவர் அவர்தான்.

“என்ன பிள்ளை இது? எல்லாம் முடிஞ்சுது. இனித் தொடக்கூடாது.”

“ஒரு நிமிசம் மாமா.”

“சனம் பாக்குது.”

“பாக்கட்டும்.”

அவள் கால்மாட்டுக்குப் போய் வேட்டிக்குக் கீழே கையை விட்டாள். அப்பாவின் கால்கள் குளிர்ந்து கிடந்தன. பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி கையில் தட்டுப்பட்டது. ஐயோ அப்பா, இப்படியா உங்கள் காலைத் தொட வேண்டியிருந்தது? அதற்குப் பக்கத்தில் அட்டையில் செய்த சின்னப் பெட்டி. அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, யாருடைய முகத்தையும் பாராமல் வெளியே நடந்தாள்.

ஹவுகெட்டோ ரயில் ஸ்டேசனடியில் அப்பா சோதிலிங்கம் நடத்திய சின்னக் கடைக்குள் ஒருநாள் முகமூடி போட்ட இருவர் கத்தியோடு புகுந்தார்கள். கல்லாவை வழித்துக்கொண்டு போகும்போது, “உன் வீடு எங்கே என்று தெரியும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தர்மினிக்கு அப்போது பதின்மூன்று வயது. அன்றைக்குப் போனது சிவநாயகியின் நித்திரை. படியில் யாராவது நடந்தால் எழும்பிக் குந்திவிடுவாள். யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள்ளும் படுத்தவள், இங்கே பக்கத்து வீட்டுக்காரன் குப்பை கொட்டப் போனாலும் நடுங்கினாள்.

உயிருக்குப் பயம் என்று சொன்னால் இந்த நாட்டில் கைத்துவக்கு தரமாட்டார்கள். விளையாட்டுக்கென்றால் தருவார்கள். மட்டையும் பந்தும்கூடத் தொட்டறியாத சோதிலிங்கம் சுடுகிற கிளப் ஒன்றில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பனிக்குள் நடந்து போய்ப் பழகி, கடைசியில் துவக்கோடு வந்தார். ஆனால் ரவை வாங்க மட்டும் மனுசன் இழுத்தடித்தார். எது நல்லது, எது கூடாது என்று மாதக்கணக்கில் விசாரணை. ஒருநாள் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து இரும்பு அலுமாரிக்குள் வைத்து, “இனி நிம்மதியாப் படும்” என்றார். அன்றிரவு சிவநாயகி குறட்டை விட்டாள். பயத்தில் அந்தப் பெட்டியை அவள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

மேலங்கிகள் தொங்கிய நடையில் ஆர்னே தனியே நின்றார். அப்பாவோடு அதே கிளப்பில் சுட்டவர். செத்தவீட்டுக்கு முதல்நாள் தர்மினி துவக்கைப் பொலிஸில் ஒப்படைக்கப் போனபோது கூடப் போனவரும் அவர்தான். வீட்டில் ரவை இருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லிப் பொலிஸார் பிறகு தொலைபேசியில் கேட்டிருந்தார்கள்.

“சவப்பெட்டிக்குள் இருந்தது” என்று தர்மினி நோர்வே மொழியில் சொல்லிப் பெட்டியை நீட்டினாள்.

ஆர்னே மூடியைத் திறந்து, ஒரு ரவையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். செம்மஞ்சள் பிளாஸ்டிக்.

“பயப்படாதே, இது வெடிக்காது. உள்ளே வெடிமருந்தே கிடையாது. புதிதாகப் பழகுகிறவர்கள் துவக்கில் போட்டுப் பார்க்கிற சாமான்.”

“அப்போ உண்மையான ரவை?”

“அது கிளப்பில் இருக்கிறது. வீட்டுக்கு அவர் கொண்டுவந்தது இதை மட்டும்தான்.”

“அம்மாவை ஏமாற்றினாரா?”

ஆர்னே ரவையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

“ஒரு ஞாயிறு, எல்லோரும் போனபிறகு, உங்கள் வீட்டுச் சுவர் மாதிரியே பலகை வாங்கிக்கொண்டு வந்தார். அதை நிறுத்தி, அதற்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்தார். மஞ்சள் பூப்போட்டது. துவக்குக் கடையில் இருந்த எல்லா வகை ரவையாலும் சுட்டுப் பார்த்தோம். எல்லாம் பலகையைத் துளைத்துக்கொண்டு தலையணைக்குள் போயின. சுவரோடு நிற்கிற ரவையே இல்லையா என்று கேட்டார். நான் உத்தரவாதம் தரமாட்டேன் என்றேன். அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். அடுத்த கிழமை இதை வாங்கினார். மனைவி நித்திரை கொள்ள வேண்டும் என்றார்.”

அந்தத் தலையணை தர்மினியுடையது. பழசாகிவிட்டது, எறிந்துவிட்டேன் என்று அப்பா சொன்னதும், தான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்ததும் ஞாபகம் வந்தன. அவளுடைய கட்டில் அப்போது வாசல் விறாந்தைச் சுவரோடு ஒட்டித்தான் கிடந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆர்னே யன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

“இதைப் பொலிஸில் கொடுக்க வேண்டுமா?”

“தேவையில்லை. பிளாஸ்டிக்தானே.”

பெட்டியைத் திரும்ப வாங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மாமா மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். சிவநாயகி அவளுடைய கையை எட்டிப் பிடித்தாள்.

“பெட்டியைப் பொலிஸ்காரர் கொண்டுபோட்டாங்களோ?”

“இல்லையம்மா. இது வீட்டிலை இருக்கலாமாம்.”

“மெய்யாவோ?” அவளுடைய குரல் சட்டென்று தணிந்தது. “நீயும் வேலைக்குப் போனா நான் தனியத்தானே. இது கிடந்தா ஒரு பயமில்லை. அந்த வெள்ளைக்காரன் என்னவாம், நல்ல சாமானோ?”

தர்மினி அம்மாவைப் பார்த்தாள். சொல்லலாம். சொன்னால் இன்றிரவிலிருந்து அவள் மறுபடியும் கட்டிலில் எழும்பிக் குந்துவாள்.

“நல்ல சாமான் அம்மா. இதைவிட நல்லது கடையிலை இல்லையாம்.”

“பாத்தியே, நான் சொன்னன். உன்ரை அப்பா பாத்துப் பாத்து வாங்கினது.”

“ஓம் அம்மா. பாத்துப் பாத்துத்தான் வாங்கினவர்.”

பணியாளர்கள் மறுபடியும் மூடியைத் தூக்கினார்கள். தர்மினி மறுபடி கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் கால்மாட்டில் குனிந்து, தான் கலைத்த வேட்டியின் கரையைக் கால்விரல்கள் மூடும்படி இழுத்து, சுருக்கமில்லாமல் நீவிவிட்டாள்.