கெம்பிலுக்குத் திட்டு வேண்டும்

திங்கட்கிழமை காலை வார்சினி தன் சலவைக் கடையின் பின்கதவைத் திறந்து, துவைக்க வேண்டிய துணிக்கூடையை இழுத்தாள். மேலாகக் கிடந்த பழுப்புத் துண்டு அவளைப் பார்த்துக் கண் சிமிட்டியது.

"துகினா! ஓடி வா!"

கடையில் வேலைக்கு இருக்கும் துகினா, போட்டுக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்தாள். "பூனைதான் இபு. என்னமோ பேயைப் பார்த்த மாதிரி கத்துறீங்க." முதலாளியம்மாவை அவள் இபு, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவாள்.

"பூனைன்னு எனக்கும் தெரியுது. யார் வீட்டுது, ஏன் இப்படிக் கிடக்குது?"

எலும்பும் தோலுமாக இருந்தது. இடுப்பு குழி விழுந்து, முடி பிசுபிசுத்து, கண்ணோரம் பீளை தள்ளியிருந்தது. அவள் தூக்கியபோது சீறக்கூட இல்லை. மோவாயை அவள் மணிக்கட்டின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டது. அப்போதுதான் வார்சினி வாலைப் பார்த்தாள். தூண்டில் முள் மாதிரி நுனி வளைந்த வால். அந்தச் சந்தில் அப்படி ஒரு வால்தான் உண்டு.

"அடப்பாவி, இது கெம்பில்டீ!"

அந்த ஊர்ப் பேச்சில் கெம்பில் என்றால் கன்னம் உப்பினவன். எதிர்வீட்டு சமீராவின் பூனை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், சலவைக்கு வந்த ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளைச் சரிகைச் சட்டை கொடியிலிருந்து நழுவி விழ, அதன் மேல் இந்தப் பூனை சொகுசாகப் படுத்துத் தூங்கியது. வார்சினி ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினாள். நனைந்த பூனையைக் கையில் வைத்துக்கொண்டு சமீரா நடுச்சந்தில் நின்று, "நெஞ்சில ஈரம் இல்லாதவ! இவ ஈரமெல்லாம் வாளியிலதான்!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். அன்றோடு பேச்சு நின்றது. மூன்று மாதத்துக்கு முன்னால் மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்ததும் சமீரா கடல் தாண்டி அவள் ஊரான பாலிக்பாப்பானுக்குப் போய்விட்டாள். சந்து அமைதியாகிவிட்டது என்று வார்சினி சந்தோஷப்பட்டதும் உண்மை.

பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவள் எதிர்வீட்டுக்கு நடந்தாள். சமீராவின் புருஷன், தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற தர்மாஜி, அடுக்களையில் நின்றபடியே பாத்திரத்திலிருந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பாக் தர்மாஜி, இது என்ன கோலம்?" பெரியவர்களை பாக், அதாவது ஐயா, என்பது அங்கே வழக்கம்.

"ஐயோ, கெம்பில்! ரெண்டு நாளா காணலையேன்னு நினைச்சேன், ஜெங்." தங்கச்சி என்கிற மாதிரி அவளை ஜெங் என்பார் அவர்.

"நினைச்சீங்களா, தேடினீங்களா?"

"நினைச்சேன்."

"என்ன சாப்பாடு போட்டீங்க?"

"வாங்கி வச்ச தீனி தீர்ந்துபோச்சு. அப்புறம் நான் சாப்பிடறதைத்தான் அதுக்கும் வச்சேன்."

வார்சினி பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். "மூணு மாசமா இதையேவா?"

"ஞாயித்துக்கிழமை முட்டை போடுவேன்."

"காலையில தூண்டிலை எடுத்துக்கிட்டு கடலோர அலைதாங்கிச் சுவருக்குப் போனா பொழுது சாய்ஞ்சுதான் வரீங்க. மீன் பிடிக்கிற மனுஷன் வீட்டுப் பூனை பட்டினி கிடக்குதா?"

"ஒண்ணும் மாட்டல, ஜெங்" என்றார் அவர் தாழ்ந்த குரலில். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "வச்சதை அது தொடவே இல்ல. பசிச்சா தானா திங்கும்னு விட்டுட்டேன். தப்புதான். சமீரா ஆறு வாரத்துல வந்துடுவா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"உங்க வீட்டுக்காரம்மாகிட்ட நான் பேசியே ரெண்டு வருஷமாச்சு. நான் எங்க சொல்ல?"

திட்டிவிட்டுப் பூனையை அங்கேயே விட்டு வரத்தான் போனாள். ஆனால் அந்த மோவாய் இன்னும் மணிக்கட்டில் கனமே இல்லாமல் கிடந்தது. திரும்பி நடந்தவள் தன் கடைக்குள் நுழைந்த பிறகுதான், பூனை தன்னோடு வந்துவிட்டதை ஒப்புக்கொண்டாள்.

அழுக்குத் துணி எடைபோடும் தராசில் வைத்தார்கள். இரண்டு கிலோ நூறு.

"ஒத்தை ஆள் ஒரு வாரத்துக்குப் போடற துணிகூட இதைவிடக் கனம்" என்றாள் துகினா. சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

கால்நடை டாக்டர் ஒரு சின்னப் பெண். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், ரத்தம் எடுத்தாள். "புழு இருக்கு, ரத்தம் கம்மி. வேற நோய் எதுவும் தெரியல. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்பு. ஒரேயடியா வயிறு நிறையக் கொடுத்தா தாங்காது. ஒரு ஸ்பூன், ரெண்டு ஸ்பூன், ஒரு நாளைக்கு ஆறு தடவை. வெதுவெதுன்னு கொடுங்க, அப்பதான் வாசம் தெரியும். உப்பு கூடாது, பால் கூடாது. சாப்பிடவே இல்லன்னா காத்திருக்காதீங்க, தூக்கிட்டு வந்துடுங்க."

துகினாவுக்கு 'பால் கூடாது' மட்டும் காதில் ஏறவில்லை. செவ்வாய்க்கிழமை வார்சினி வங்கிக்குப் போன நேரத்தில், பாவம் பார்த்து இனிப்புப் பாலைக் கரைத்துக் கொடுத்துவிட்டாள். அரை மணி நேரத்தில் பூனையின் வயிறு இஸ்திரி மேசை விரிப்பு முழுவதும் தன் கருத்தைச் சொல்லிவிட்டது.

"யாருடி கொடுத்தது?"

"அதுவா கேட்டுச்சு, இபு."

"கேட்டுச்சா? கத்தக்கூடத் தெம்பில்லாதது உன்கிட்ட மட்டும் இனிப்பா வேணும்னு கேட்டுச்சா?"

அதன்பின் கெம்பில் மோந்து பார்ப்பதோடு சரி. வார்சினி சூரை மீனை அவித்து, முள்ளெடுத்து, மசித்து, ஊதி வைத்தாள். ரெண்டு நக்கு நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கோழி ஈரலுக்கும் அதே மரியாதைதான். மறுபடி டாக்டரிடம் தூக்கிப் போய், தோலுக்கடியில் நீர் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் தர்மாஜி போனைக் கையில் பிடித்துக்கொண்டு பதறி ஓடி வந்தார். "ஜெங், அவ கூப்பிடப் போறா. இன்னிக்கு கெம்பிலைக் காட்டியே ஆகணுமாம். தூங்குது, கூரை மேல ஏறிடுச்சுன்னு நாலு வாரமா சொல்லிட்டேன். இனிமே நம்ப மாட்டா."

துகினாவுக்குத்தான் யோசனை வந்தது. தடிமனான குளியல் துண்டு இரண்டை எடுத்துப் பூனையைச் சுற்றோ சுற்றென்று சுற்றினாள். முகம் மட்டும் வெளியே தெரிந்தது. நல்ல பருமனான பூனை மாதிரிதான் இருந்தது. தர்மாஜி அதை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வார்சினி படத்தில் விழாமல் சலவை இயந்திரத்தின் பக்கம் ஒதுங்கி நின்றாள்.

"பாக்னே!" என்று புருஷனைக் கூப்பிட்டபடியே திரையில் சமீராவின் முகம் வந்தது, தோளில் ஒரு குழந்தையோடு. "எதுக்கு அவனுக்குத் துண்டு?"

"குளிப்பாட்டினேன்."

"நீங்களா? நீங்க குளிக்கவே நான் நாலு தடவை சொல்லணும்! அது யார் வீடு, பின்னாடி அவ்வளவு துணி தொங்குது?"

தர்மாஜி போனை வேறு பக்கம் திருப்பப் பார்த்தார். அதற்குள் துண்டு அசைந்தது. நாலு நாளாகப் பொம்மை மாதிரி கிடந்த கெம்பில் காதை விறைத்தது. முன்னங்காலை வெளியே இழுத்தது, பிறகு உடம்பை. துண்டை உதறிவிட்டு, தள்ளாடி நின்று, போனை முகர்ந்து, கரகரத்த குரலில் ஒரே ஒரு தடவை கத்தியது. அந்த வெளிச்சத்தில் அதன் விலா முழுவதும் தெரிந்தது.

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது.

"பாக்னே" என்றாள் சமீரா. "என் பிள்ளையை என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

தர்மாஜி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். வார்சினி இன்னும் ஒதுங்கி நிற்க முடியாது என்று கண்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்தாள்.

"நான்தான், இபு சமீரா. எதிர்வீட்டு வார்சினி. டாக்டர்கிட்ட காட்டியாச்சு. நோய் எதுவும் இல்ல. சாப்பிடத்தான் மாட்டேங்குது. என்ன வச்சாலும் தொட மாட்டேங்குது."

சமீரா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "எப்படி வைக்கிறே?"

"மசிச்சு, வெதுவெதுன்னு, தட்டுல."

"வச்சிட்டு?"

"வச்சிட்டுத் தள்ளிப் போயிடுவோம். தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு."

"ஐயோ! சத்தமே இல்லாம வச்சா அவன் எப்படிச் சாப்பிடுவான்? குட்டியிலேருந்து நான் பக்கத்துல உட்கார்ந்து திட்டிக்கிட்டே இருப்பேன். அதைக் கேட்டுக்கிட்டே சாப்பிடுவான். இந்த மனுஷன் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசறவரா? போனைத் தட்டு பக்கத்துல வை."

வைத்தாள். சமீரா குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமினாள். "டேய் சோம்பேறி! வளைஞ்ச வாலு! யாரைப் பார்க்கறே? மூஞ்சியைப் பாரு, சொத்தை எழுதி வச்சாத்தான் சாப்பிடுவேன்னு ஒரு மூஞ்சி! தின்னுடா!"

கெம்பில் குனிந்தது. ஒரு ஸ்பூன் மீனும் போனது. தட்டையும் நக்கியது. துகினா இஸ்திரி மேசைக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தாள்.

"ஜெங்" என்றாள் சமீரா. "நான் அன்னிக்குச் சந்துல நின்னு சொன்னது..."

"இன்னொரு ஸ்பூன் ஆறிக்கிட்டிருக்கு, இபு. திட்டுங்க."

அன்றிலிருந்து தினம் மூன்று நான்கு தடவை பாலிக்பாப்பானிலிருந்து வசவு வந்தது. முதல் பாதி பூனைக்கு, மறுபாதி புருஷனுக்கு. மீனை இனி அவர்தான் அவிக்க வேண்டும் என்று உத்தரவானது. தூண்டிலைச் சுவரில் மாட்டி வைத்துவிட்டு தர்மாஜி மீன் சந்தைக்குப் போனார். முதல் நாள் கரியாக்கினார், ரெண்டாம் நாள் முள்ளோடு கொண்டு வந்தார். ஒரு வாரம் கழித்து, முள்ளெடுத்துப் பதமாக அவித்த மீனை மூடி போட்ட கிண்ணத்தில், தந்தி கொண்டுவருகிற மாதிரி பத்திரமாக ஏந்திக்கொண்டு கடைக்கு வந்தார். தராசு இரண்டரையைத் தாண்டியது. துணி கொடுக்க வருகிறவர்கள் தங்கள் மூட்டையை விட்டுவிட்டு, "இன்னிக்கு எவ்வளவு?" என்று முதலில் பூனையின் எடையைத்தான் கேட்டார்கள்.

ஒருநாள் காலை போன் வரவில்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருக்கிறார்கள் என்று தகவல் மட்டும் வந்தது. கெம்பில் தட்டின் முன் உட்கார்ந்து மீனைப் பார்த்தது, பிறகு வார்சினியைப் பார்த்தது.

"பாக், நீங்க திட்டுங்க" என்றாள் அவள்.

தர்மாஜி முயன்றார். "கெம்பில், சாப்பிடுப்பா. ஆறிடும்."

"இது திட்டா? தபால் கொடுக்கிற மாதிரி இருக்கு. தள்ளுங்க." வார்சினி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "என்னடா பார்வை? ஊதி ஊதிப் போட்டா துரைக்கு இறங்கலையா? உன்னால நான் பட்டது கொஞ்சமா? அந்த வெள்ளைச் சட்டை யாரோடதுன்னு தெரியுமா? மறுநாள் காலையில நிக்கா! ஒவ்வொரு முடியா ஊசி வச்சு எடுத்தேன், கண்ணு பூத்துப்போச்சு. ஆமா, தண்ணி ஊத்தினேன். ஊத்தியிருக்கக் கூடாது, சரி. அதுக்காக உங்கம்மா என்ன சொன்னா? நெஞ்சில ஈரமில்லையாம்! என் புருஷன் செத்தப்ப ஒரு மாசம் எனக்குச் சோறு கொண்டு வந்தவ அவ. அந்த வாயால அப்படிச் சொன்னா எனக்கு எப்படிடா இருக்கும்?"

அதோடு நிறுத்திவிட்டாள். கெம்பில் பாதித் தட்டில் தலையைத் தூக்கி, ஏன் நிறுத்திவிட்டாய் என்பதுபோல் பார்த்தது.

"இபு, அது மிச்சத்தையும் கேக்கணுமாம்" என்றாள் துகினா.

வார்சினி சிரித்துவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடனே கட்டாத வாடிக்கையாளரைப் பற்றியும் மழையைப் பற்றியும் திட்டித் தீர்த்தாள். தட்டு காலியானது. அதன் பிறகு அவள் குரலே போதும் என்றானது. எடை ஏறியது, முடி மினுங்கியது. ஒரு காலையில் அது துகினாவின் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வறுத்த மீனைத் திருடிக்கொண்டு ஓடியபோது மூவருமே கை தட்டினார்கள்.

ஆறாவது வாரம் சமீரா வந்து இறங்கினாள். கெம்பில் அப்போது மூன்று கிலோ எழுநூறு. தர்மாஜி அதை வீட்டுக்குத் தூக்கிப் போக, அவளைப் பார்த்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரி மேல் ஏறியது. ரெண்டு நாள் இறங்கவில்லை. வார்சினி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போனில் அவ்வளவு பேசியவர்களுக்கு நேரில் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை சமீராவே கடை வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"ஜெங், அவன் என்னை மறந்துட்டான். என்ன கொஞ்சினாலும் வர மாட்டேங்கறான்."

"கொஞ்சினீங்களா?"

"பின்னே? என் கண்ணே, என் தங்கமேன்னு அழுதுக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். பட்டினி கிடந்த பிள்ளையைத் திட்ட மனசு வருமா?"

"அதான்! யாரோ புதுசா ஒரு பொம்பளை வந்து அழறாளேன்னு பயந்து கிடக்குது. வாங்க."

ரெண்டு பேரும் எதிர்வீட்டுக்கு நடந்தார்கள். தர்மாஜி மீன் தட்டோடு அலமாரிக்குக் கீழே நின்றிருந்தார்.

"திட்டுங்க" என்றாள் வார்சினி.

சமீரா கண்ணைத் துடைத்தாள். "டேய்... வளைஞ்ச வாலு." குரல் எழும்பவில்லை. வார்சினி அவள் முதுகில் லேசாகத் தட்டினாள். "டேய்! திமிரு பிடிச்சவனே! கடல் தாண்டி வந்தவளுக்கு முதுகையா காட்டறே? எதிர்வீட்டுக்காரி கைச் சோறு தின்னதும் பெத்தவளை மறந்துட்டியா? இறங்குடா கீழே!"

கெம்பில் எட்டிப் பார்த்தது. அலமாரியிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து தரைக்கும் குதித்தது. நேரே அவள் மடியில் ஏறி, அங்கிருந்தபடியே கழுத்தை நீட்டித் தட்டில் வாய் வைத்தது. சமீரா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திட்டு மட்டும் நிற்கவில்லை. இப்போது அது புருஷன் பக்கம் திரும்பியிருந்தது. அவரும் அதை நல்ல பசியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

சந்திலிருந்து துகினா கூப்பிட்டாள், மெஷின் நின்றுவிட்டதென்று. வார்சினி எழுந்தாள். சமீரா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உட்காரு. சாப்பிட்டுட்டுப் போகலாம். துணி எங்கயும் ஓடிப் போகாது."

தர்மாஜி இன்னொரு சட்டியைக் கொண்டு வந்து நடுவில் வைத்தார். ஆவி பறந்தது.

"பாக், இது கெம்பிலோடதா, நம்மளதா?" என்று கேட்டாள் வார்சினி.

"நம்மளது, ஜெங். உப்பு, புளி, மிளகாய் எல்லாம் போட்டிருக்கேன்" என்றார் அவர் பெருமையாக, தட்டுகளை எடுக்கத் திரும்பிக்கொண்டே. அவை எந்த அலமாரியில் இருக்கின்றன என்று இப்போது அவருக்கே தெரிந்திருந்தது.