பதினாலாம் குழியில் கண்டது

தில்லைநாயகிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும், பிறகுதான் வாய் திறக்கும். இடையில் ஒரு நிமிசம் இருக்கும். அந்த ஒரு நிமிசத்தில் யாராவது வந்து அவளுடைய வாயைப் பொத்தியிருந்தால், டொரத்தி ஹேய்வூட் என்ற ஆங்கிலேயப் பெண்ணுக்கு ஒரு வேலையும் இருக்க ஒரு வீடும் கிடைத்திருக்கும். ஒருவரும் பொத்தவில்லை.

லோசான் நகரத்துக்கு மேலே காட்டோரமாக ஒரு கோல்ஃப் கழகம் இருக்கிறது. பணக்காரர்களின் இடம். தில்லைநாயகி தான் குடியிருக்கிற ரெனானிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், அங்கே பெண்கள் உடை மாற்றும் அறையைத் துப்புரவு செய்கிறாள், துவாய் தோய்க்கிறாள். வருடத்தில் ஒரு கிழமை, ஆனி மாதத்தில், ஐரோப்பா முழுவதும் சுற்றி ஆடுகிற தொழில்முறைப் பெண்கள் அங்கே போட்டிக்கு வருவார்கள். அந்தக் கிழமை மட்டும் அவள் துவாய்க் கூடையை இறக்கிவிட்டு டொரத்தியின் மட்டைப் பையைத் தோளில் போடுவாள்.

அது தொடங்கியது 1990இல். டொரத்தியின் பை தூக்குகிறவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். அறைக்குள் நின்று யோசித்த டொரத்தியின் கண்ணில், ஈரத் துவாய்க் கூடைகள் இரண்டை ஒரே நேரத்தில் இடுப்பில் இடுக்கிக்கொண்டு போன தில்லைநாயகி பட்டாள். பை தூக்குவது மட்டும் வேலை இல்லை, பந்திலிருந்து குழிக்கு எத்தனை மீற்றர் என்று சொல்லவும் வேண்டும் என்று அன்றைக்கே தில்லைநாயகி விளங்கிக்கொண்டாள். வேலை முடிந்த பின்னேரங்களில் பதினெட்டுக் குழிகளையும் காலால் அளந்தாள். அடுத்த வருடம் நூற்று நாற்பத்தொன்று என்று அவள் சொன்னால் நூற்று நாற்பத்தொன்றுதான். ஒரு மீற்றர் பிசகாது.

இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த பிரெஞ்சு. டொரத்தி உடைத்தது ஒரு பக்கம், தில்லைநாயகி உடைத்தது மறுபக்கம். ஊரில் கலியாணம் கட்டாத ரீச்சர்மாரைக் கூப்பிடுவதுபோல அவள் டொரத்தியை "மிஸ்" என்பாள். டொரத்தி அவளை "நாயகி" என்பாள். பெயரின் முன்பாதி அவளுடைய நாக்குக்கு ஏறவில்லை.

இந்த டொரத்தி 1979இலிருந்து காசுக்கு ஆடுகிறவள். அவளுடைய தகப்பன் வட இங்கிலாந்தில் ஒரு மைதானத்தில் புல் வெட்டினவர். பதினேழு வருடத்தில் நாலு போட்டி வென்றாள், பதினொரு தடவை இரண்டாவதாக வந்தாள். பழைய கார் ஒன்றில் போர்த்துக்கலிலிருந்து சுவீடன் வரைக்கும் தானே ஓட்டிப்போய், பல இரவுகள் அந்தக் காரின் பின்சீற்றிலேயே படுத்திருக்கிறாள். ஒரு கழகத்தில் பெண்கள் அறை அங்கத்தவர்களின் மனைவிமாருக்குத்தான் என்று சொல்லி, அன்றைக்கு முதலாம் இடத்தில் நின்றவளைக் கார் தரிப்பிடத்தில் வைத்துச் சப்பாத்து மாற்ற வைத்தார்கள். அவள் வென்ற அடுத்த நாள் பேப்பர்க்காரன் அவளுடைய பாவாடை நீளத்தைப் பற்றி எழுதினான். இதையெல்லாம் டொரத்தி காலநிலை சொல்வதுபோலச் சொல்லுவாள். கேட்கிற தில்லைநாயகிக்குக் காது சுடும். இவளுக்கு ஏன் கோபம் வருவதில்லை என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வரும்.

இப்போது 1996. டொரத்திக்கு நாற்பத்தைந்து வயது, இடது முழங்காலில் இரண்டு சத்திரசிகிச்சை. இருபது வயதுப் பெட்டைகளின் பந்து அவளுடைய பந்தைத் தாண்டி முப்பது மீற்றர் போகிறது. அடுத்த வருடத்துக்கு அவளுக்கு ஒன்றும் இல்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. கழகத் தலைவர் மெஸியே ரொஷா, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆட்டம் பழக்குகிற வேலையை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். மட்டைகள் வைக்கிற கொட்டிலுக்கு மேலே இரண்டு அறை வீடும் தருவாராம். சனிக்கிழமை கையெழுத்து. செவ்வாய்க்கிழமை தில்லைநாயகி ஒருவரும் சொல்லாமலே அந்த வீட்டுக்குள் போய் யன்னல் துடைத்துவிட்டு வந்தாள். பதினேழு வருடம் ஓடினவள் இருக்க ஒரு கதிரை வேண்டாமா?

போட்டி தொடங்குவதற்கு முதல் நாள், புதன்கிழமை, ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்குப் பணம் போடுகிற பெரிய மனிதர்கள் மூன்று மூன்று பேராக ஒரு தொழில்முறைப் பெண்ணோடு சேர்ந்து ஆடுவார்கள். பெண் அவர்களைச் சிரித்துக் கவனிக்க வேண்டும், அவர்கள் அடித்த அடிகளை எண்ணி அட்டையில் எழுத வேண்டும், முடிவில் "இது சரி" என்று கையெழுத்து வைக்க வேண்டும். கோல்ஃபில் நடுவர் பின்னால் திரிவதில்லை. அந்தக் கையெழுத்துத்தான் எல்லாம். டொரத்திக்கு விழுந்தது மெஸியே ரொஷாவும் அவருடைய வங்கி வாடிக்கையாளர் இரண்டு பேரும்.

ரொஷா முதலாம் குழியிலிருந்தே டொரத்திக்கு மட்டை பிடிக்கக் காட்டிக்கொடுத்தார். தோளை இப்படித் திருப்பு, முழங்காலை அப்படி மடி. சத்திரசிகிச்சை செய்த முழங்கால். டொரத்தி "மெர்சி" என்று நன்றி சொன்னாள். தில்லைநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

பதிமூன்று குழி முடிந்தபோது அவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். வெல்லுகிறவருக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம், வாடிக்கையாளர் நடுவில் நின்று ஒரு படம். பதினாலாம் குழியில் ரொஷாவின் பந்து காட்டுக்குள் போய், பட்டால் அரிக்கிற காஞ்சோண்டிப் பற்றைக்குள் விழுந்தது. டொரத்தி மற்றப் பக்கத்தில் தன் பந்தோடு நின்றாள். பந்து தேட உதவுவது பை தூக்குகிறவர்களின் வழக்கம், அதனால் தில்லைநாயகி காட்டுக்குள் போனாள். ரொஷா அவளைக் கண்டார். மரத்தைக் காண்பதுபோலக் கண்டார். அவளுக்கு முன்னாலேயே வலது சப்பாத்தால் பந்தைத் தட்டினார். போதாது. இன்னொரு தட்டு. பந்து வெட்டின புல்லுக்கு வந்து வடிவாக இருந்தது. அங்கிருந்து அடித்து, "நாலு" என்று டொரத்திக்குக் கத்திச் சொன்னார். டொரத்தி நாலு என்று எழுதினாள்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டு என்பார்கள். இந்தப் பூனை கண்ணைக்கூட மூடவில்லை. துவாய் தோய்க்கிறவளுக்குக் கண் இருக்கிறது என்பதே அதற்குத் தெரியவில்லை. தில்லைநாயகிக்குக் காது சுட்டது, அந்த ஒரு நிமிசமும் முடிந்தது. அடுத்த குழிக்கு நடக்கும்போது சிரிப்பும் கோபமுமாகச் சொல்லிவிட்டாள்.

"மிஸ், உங்கட தலைவர் பந்தைச் சப்பாத்தாலை விளையாடுறார். மட்டையை என்னத்துக்குக் காவித் திரியிறார் எண்டு தெரியேல்லை."

டொரத்தியும் சிரிப்பாள் என்றுதான் நினைத்தாள். டொரத்தி நின்றுவிட்டாள்.

"நீர் கண்டனீரோ?"

"ஓம்."

"எத்தினை தரம்?"

"ரெண்டு."

டொரத்தி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள், திரும்பச் செருகினாள், நடந்தாள். அப்போதுதான் தில்லைநாயகிக்கு உறைத்தது. தெரியாமல் எழுதின நாலுக்குக் கையெழுத்து வைக்கலாம், அதில் பாவம் இல்லை. தெரிந்த பிறகு வைக்க டொரத்தியால் ஏலாது. ஏழு வருடம் பை தூக்கினவளுக்கு இது தெரியாமல் போனதா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. வீட்டில் பத்மநாதன் கேட்டால் அதைத்தான் சொல்லுவான், அவன் சொல்லுவது சரியாகவும் இருக்கும். அது அவளுடைய புருசனிடம் உள்ள தாங்கமுடியாத குணம்.

பதினேழாம் குழியில் அவள் சொன்னதைத் திரும்ப விழுங்கப் பார்த்தாள். காட்டுக்குள்ளே இருட்டு, அவர் தட்டினது பைன் காயாகவும் இருக்கலாம், தான் சரியாகக் கவனிக்கவில்லை என்றாள். டொரத்தி அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, பதினாலில் உமக்குச் சந்தேகம் இருக்கவில்லையே என்று மட்டும் சொன்னாள்.

புள்ளி அட்டை கொடுக்கிற கூடாரத்துக்குள் ரொஷா கையில் வைன் கிளாசோடு நின்றார். கழகச் செயலாளர், ஒரு மெலிந்த மனுசன், மேசையில் இருந்தார். டொரத்தி பதினாலாம் குழியில் நாலை வெட்டி ஆறு என்று எழுதி அட்டையை வைத்தாள். பந்தை அசைத்து வேறு இடத்திலிருந்து அடித்ததற்கு இரண்டு அடி தண்டம் என்று விளக்கமும் சொன்னாள். குரல் வழமையான குரல்தான்.

ரொஷா முதலில் சிரித்தார். பிறகு யார் கண்டது என்று கேட்டார். என்னுடைய பை தூக்குகிறவர் கண்டார் என்றாள் டொரத்தி. அதைக் கேட்டதும் அவருக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது. செயலாளரின் பக்கம் திரும்பி, இந்தத் துவாய்க்காரியா, இவள் தன்னுடைய அகதிக் கதையையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல்தானே தற்காலிக வதிவிட அட்டையோடு நிற்கிறாள் என்று வேகமான பிரெஞ்சில் சொன்னார். வேகமாகச் சொன்னால் விளங்காது என்று நினைப்பு. ஏழு வருடம் அந்தக் கழகத்தின் சுவர்களுக்குள் காது வைத்துக்கொண்டிருந்தவளுக்கு விளங்காதா?

டொரத்திக்கும் விளங்கியது. அவளுடைய கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்து ஏறியதைத் தில்லைநாயகி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டாள். பாவாடை நீளத்துக்கு வராத கோபம், கார் தரிப்பிடத்துக்கு வராத கோபம்.

"இந்தப் பொம்பிளை ஏழு வரியமா எனக்குத் தூரம் சொல்லுறா," என்றாள். "நான் ஒரு நாளும் திரும்ப அளந்து பாத்ததில்லை. அவ கண்டது எண்டால் கண்டதுதான்."

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நீங்கள் கண்டீர்களா மதாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று தில்லைநாயகியிடம் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. இல்லை என்று சொல்லும்படி கண்ணாலே கெஞ்சினார்.

இல்லை என்று சொல்வதாகத்தான் அவள் வந்திருந்தாள். பதினேழிலிருந்து கூடாரம் வரைக்கும் அந்த ஒரு சொல்லைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். இல்லை என்றால் நாலு நாலாகவே இருக்கும், கொட்டிலுக்கு மேலே வீடு இருக்கும், தன்னுடைய துவாய் வேலையும் இருக்கும். ஆனால் காது சுட்டது. அந்த ரொஷா இன்னும் சிரித்துக்கொண்டு நின்றான்.

"கண்டன்," என்றாள். "வலது கால். ரெண்டு தரம். ரெண்டாந்தரம் தட்ட முதல் என்னைத் திரும்பிப் பாத்தவர்."

பிறகு ஒருவரும் சத்தம் போடவில்லை. அந்த நாட்டில் பெரிய காரியங்கள் சத்தம் இல்லாமல்தான் நடக்கும். தலைவருக்கு முதுகு நோவு, அவருடைய குழு விலகிக்கொண்டது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வெளியே போகும்போது ரொஷா டொரத்தியிடம், அந்த வேலை விசயமாக உங்களுக்கு எழுதுவோம் என்று மரியாதையாகச் சொன்னார். எழுதுவோம் என்றால் என்ன என்று தில்லைநாயகிக்கு நன்றாகத் தெரியும்.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு கார் தரிப்பிடத்துக்குப் போனாள். டொரத்தி காரின் பின்கதவைத் திறந்து, பையை வாங்கி உள்ளே எறிந்தாள். பதினேழு வருடம் பிள்ளையைப்போல வைத்திருந்த மட்டைகள் கடகடவென்று உருண்டன. பிறகு திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்துத் தில்லைநாயகி ஓரடி பின்னுக்கு வைத்தாள்.

"ஏன் எனக்குச் சொன்னனீ?" என்று டொரத்தி கத்தினாள். இவ்வளவு நாளும் இருந்த "நீர்" என்ற மரியாதையெல்லாம் போய்விட்டது. "ஆர் கேட்டது உன்னை? எனக்கு அந்த வீடு வேணும். எனக்கு முழங்கால் ஏலாது. நான் இனி எங்க போறது? நீ பேசாமல் இருந்திருக்கலாம். உனக்குத் தெரியும்தானே நான் என்ன செய்வன் எண்டு."

தில்லைநாயகிக்கும் வந்தது. டொரத்திக்கு மட்டும் இருக்கிறதா கோபம்? நாளைக்குத் துவாய் அறைத் திறப்புக் கொத்தைத் திருப்பிக் கேட்பார்கள், வேலை இல்லை என்றால் அட்டை புதுப்பிக்கிற இடத்தில் வேறு கேள்வி வரும். இவ்வளவையும் இந்த வெள்ளைக்காரிக்காக வாயைத் திறந்து வாங்கிக் கட்டியிருக்கிறாள். நீ கையெழுத்தை வைச்சிட்டுப் போயிருக்கலாமேடி விசரி, உன்ரை நேர்மையைச் சோத்துக்குக் குழைச்சுத் தின் என்று தமிழில் கத்தினாள். இரண்டு கார் தள்ளி நின்ற ஒரு சாரதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

டொரத்தி விடவில்லை. "ஏன் சொன்னனீ?" என்று திரும்பவும் கேட்டாள். இப்போது கத்தவில்லை. உண்மையாகவே தெரிய வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

தில்லைநாயகி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். முன்பு ஊரில், திருகோணமலை வீதியில் பஸ்ஸை மறித்து, அவளுடைய கண்ணுக்கு முன்னால் அவளுடைய தம்பியை இறக்கிக் கொண்டுபோனார்கள். எத்தனை பேர் இறக்கினார்கள், அவன் என்ன நிறச் சேட்டுப் போட்டிருந்தான், எந்தக் கையைப் பிடித்து இழுத்தார்கள் என்று அவள் கண்டது கண்டபடி இந்த நாட்டு அகதி விசாரணை மேசைக்கு முன்னால் இருந்து சொன்னாள். மொழிபெயர்க்கிறவர் சொன்னார், ஒருவர் தட்டச்சு செய்தார். ஒன்பது மாதம் கழித்து வந்த கடிதத்தில் அவளுடைய வாக்குமூலம் நம்பத்தகுந்ததாக இல்லை என்று இருந்தது. அதற்குப் பிறகு அவள் கண்டதையெல்லாம் எல்லாரிடமும் சொன்னாள். பஸ்ஸில் சொன்னாள், அறைக்குள் சொன்னாள், பத்மநாதனிடம் சொன்னாள். சொல்வதால் ஒன்றும் அசையாது என்று தெரிந்ததால் பயமில்லாமல் சொன்னாள்.

இவ்வளவையும் பிரெஞ்சில் சொல்ல அவளுக்குத் தெரியாது. தெரிந்த சொற்களைப் பொறுக்கி எடுத்து, இன்னும் ஆறாத கோபத்தோடு சொன்னாள்.

"நீங்கள் நம்புவீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை, மிஸ்."