அகலமாகிக்கொண்டே போன வகுப்பறை

பேரண்டம் விரிகிறது என்று டீச்சர் கரும்பலகையில் எழுதிய வாரத்திலிருந்து அந்த வகுப்பறை அகலமாகத் தொடங்கியது. கட்டடம் வெளியே இருந்தபடியே இருந்தது. பக்கத்துச் சைக்கிள் கடையை அது ஒரு விரல்கூட இடிக்கவில்லை. உள்ளேதான் இடம் கூடியது. அறிவியல் வாசனையே இல்லாதவர்களுக்காக நடந்த மாலை வகுப்பு அது. பூட்டு ரிப்பேர்காரர், முடிதிருத்துபவர், வீட்டுத் தரகர் என்று வேலை முடிந்து வந்து உட்காருகிறவர்கள். நட்சத்திரங்கள் கூட்டமாக வாழும் ஊர்தான் விண்மீன் மண்டலம், அப்படிக் கோடிக்கணக்கான ஊர்கள் உண்டு என்று டீச்சர் சொன்னதையே பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டவர்கள், இதையும் ஏற்றுக்கொண்டார்கள். இவ்வளவு இடம் வாடகைக்குப் போகாமல் கிடக்கிறதே என்று தரகருக்கு மட்டும் வயிறெரிந்தது.

தையல்காரிக்கு வேறு கவலை. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியபின் அவளும் பஸ் டிரைவரான புருஷனும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சண்டை ஒன்றுமில்லை. இத்தனை வருஷமும் மகள் வழியாகவே பேசிப் பழகியவர்கள். மகள் போனதும் வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. வீட்டு அமைதிக்குப் பயந்து தையல்காரி இந்த வகுப்பில் பெயர் கொடுத்தாள். போய்ப் பார்த்தால், அவளிடம் மூச்சுவிடாமல் அவரும் வந்து உட்கார்ந்திருந்தார். வீம்புக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தாள். நடுவில் ஓர் ஆள் நடக்கும் இடம்தான் இருந்தது.

அறை விரிய விரிய எல்லோரும் புகார் கொண்டுவந்தார்கள். நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன், மற்றவர்கள்தான் என்னை விட்டு விலகிப் போகிறார்கள் என்று பூட்டுக்காரர் மூக்கால் அழுதார். முடிதிருத்துபவரும் அதையே சொன்னார். தையல்காரி கழுத்தில் கிடந்த டேப்பால் அளந்தே காட்டினாள்.

“அவருதான் நகர்ந்து போறாரு டீச்சர். நான் அசையவே இல்ல.”

“நல்லா இருக்கே கதை. பெஞ்சைத் தள்ளிக்கிட்டுப் போறது அவதான்,” என்றார் டிரைவர்.

“ரெண்டு பேரும் நகரல. நடுவுல இருக்கிற இடம்தான் வளருது,” என்றார் டீச்சர். “யாரு மேலயும் தப்பில்ல. ஆனா தூரம் கூடக் கூட இன்னும் வேகமா விலகும்.”

யார் மேலாவது தப்பு இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். இதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் சிரிப்பு அவளை எட்டும்போது பாடமே மாறியிருந்தது. அவள் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை அங்கிருந்து செங்கல் நிறத்தில் தெரிந்தது. விலகிப் போவதன் வெளிச்சம் சிவக்கும், நெருங்கி வருவதன் வெளிச்சம் நீலமாகும் என்றார் டீச்சர். வகுப்பு முடிந்து அவர் வாசலுக்கு நடந்து வருவதற்குள் அவள் வீட்டுக்குப் போய்ச் சமைத்தும் முடித்திருப்பாள். ஓர் எல்லையைத் தாண்டினால் அங்கிருந்து வெளிச்சம்கூடத் திரும்பி வராது என்ற பாடம் நடந்த அன்று அவள் தூரத்துச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனுஷன் வீட்டுக்கு வராமலே போய்விடுவாரோ.

“அப்ப எதுவுமே ஒண்ணு சேராதா டீச்சர்?”

“கிட்ட இருந்தா ஈர்ப்பு விடாது. பக்கத்து மண்டலம் ஒண்ணு நம்மளைப் பார்த்து வந்துக்கிட்டுத்தான் இருக்கு.”

அவள் பையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நடந்தாள். கால் கடுத்தது. பாதி வழியில் எதிரே அவர் வருவது தெரிந்தது. சட்டையில் சிவப்பு போய், சலவைக்கு நீலம் போட்டதுபோல் இருந்தது.

“எங்க போறீங்க?” என்றாள்.

“உன்கிட்டதான். நீ?”

“டேப் விழுந்துடுச்சு. தேடுறேன்.”

டேப் அவள் கழுத்திலேயே கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு அவரும் அவளோடு சேர்ந்து கொஞ்ச நேரம் தரையில் தேடினார்.

அடுத்த வாரம் அந்த இடத்தில் ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தார்கள். அறை இன்னும் அகலமாகிக்கொண்டுதான் இருக்கிறது. பெருக்குகிற அம்மாள் சைக்கிளில் போய் வருகிறாள். அந்தப் பெஞ்சில் மட்டும் இருவருக்கும் நடுவே ஒரு ஜாண்தான். சில நாள் அளந்து பார்த்தவள் பிறகு விட்டுவிட்டாள். விண்மீன் மண்டலங்கள் ஒன்றோடொன்று கலக்கும் பாடத்தை டிரைவர் பாதிதான் கேட்டார். மீதி நேரம் அவள் தோளில் தூங்கினார்.