அஅஅவிடமிருந்து ஆஆஆவுக்கு

எங்கள் தேர்வு மையத்தில் கடித வினாவுக்கு விடை எழுதினால் அது அப்போதே போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் அனுப்புநர் இடத்தில் அஅஅ என்று போடச் சொல்கிறார்கள். சொந்தப் பெயரைப் போட்டால் தாள் செல்லாது.

இந்த முறை வந்த வினா: தாயை இழந்த தோழி ஆஆஆவுக்கு ஆறுதல் கடிதம் எழுதுக. எட்டு மதிப்பெண்.

ஆஆஆ எனக்கு முன் பெஞ்சில்தான் இருந்தாள். நிஜப் பெயர் ஜெசிந்தா. போன வாரம் அவள் அம்மா இறந்துபோனார். நான் செல்போனில் கும்பிடும் கை அனுப்பினேன். அவள் கட்டைவிரல் அனுப்பினாள். அத்துடன் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பேனாவை எடுத்தேன். இரண்டு கைகளும் தாமாகச் சேர்ந்து கும்பிட்டன. பிரியவில்லை.

மேற்பார்வையாளர் தபால்காரர் போலச் சைக்கிளில் வந்தார்.

"ஏம்மா, வணக்கமெல்லாம் அப்புறம். எழுது."

"கை பிரிய மாட்டேங்குது சார்."

"இங்க எல்லாருக்கும் அப்படித்தான்."

திரும்பிப் பார்த்தேன். அறை முழுக்கக் கும்பிட்ட கைகள். கடைசி பெஞ்சில் ஒருவன் கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தான். கட்டுரையில், செல்போனில் தொடுவதுபோலத் தப்பான பொம்மையைத் தொட்டுவிட்டானாம்.

"பிரிச்சு விடுங்க சார்."

"ஆளுக்கு ஒரு தடவைதான்."

அடிஸ்கேலை உள்ளங்கைகளுக்கு நடுவே விட்டு நெம்பினார். பிரிந்தன.

'ஆழ்ந்த இரங்கல்' என்று கைடில் இருந்தபடி தொடங்கினேன். ஜெசிந்தாவின் பெஞ்ச் நகர்ந்து கதவருகே போனது. 'காலம் காயத்தை ஆற்றும்' என்றேன். பெஞ்ச் வராந்தாவுக்கே போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. எழுதிய எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்தேன்.

பிறகு எழுதினேன்.

"ஜெசி, உங்க வீட்ல மீன்குழம்பு வச்சா உங்கம்மா எனக்கும் ஒரு டப்பாவுல குடுத்து விடுவாங்க. கடைசியா வந்த டப்பா எங்க வீட்லயேதான் இருக்கு. கழுவி வச்சிருக்கேன். கொண்டு வந்தா நீ அழுவியோன்னு பயந்துதான் வரல."

கீழே மாரிச்செல்வி என்று போட்டேன்.

"சொந்தப் பேரு போட்டிருக்கியேம்மா," என்றார் மேற்பார்வையாளர். "செல்லாது."

"தெரியும் சார்."

"தமிழ்ல பெயிலாயிடுவே."

"தெரியும் சார்."

தாளின் ஓரத்தில் இரண்டு நீல டிக் விழுந்தன. வராந்தாவின் கடைசியில் ஜெசிந்தா எழுந்து நின்றாள். நான் கட்டைவிரலுக்குக் காத்திருந்தேன்.

"சார், அடிஷனல் ஷீட்," என்றாள்.

அவர் சைக்கிளில் ஏறினார். "எத்தனைம்மா?"

"நெறைய சார். கட்டுறதுக்கு நூலும் குடுங்க."