காட் கைக்கு வரும்வரை

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அரிசி வாங்க வருவதில்லை, கடிதம் காட்ட வருகிறார்கள். விசா கொடுக்கும் பிரெபெக்சரில் இருந்து வந்தது, வரிக்கந்தோரில் இருந்து வந்தது, பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தது என்று உறையோடு நீட்டுவார்கள். கருவாட்டுப் பெட்டியைத் தள்ளிவிட்டுக் கல்லா மேசையிலேயே வைத்து வாசித்துச் சொல்வேன். பாரிஸின் ரூ காய் தெருவில் பதினெட்டு வருடமாக இதுதான் நடக்கிறது. பப்பியே, அதாவது விசாத் தாள், விஷயமென்றால் மன்னார்க்காரி மரியகொறற்றியிடம் போ என்று முன்பின் தெரியாதவர்களும் அனுப்பிவிடுவார்கள். எனக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை.

நான் எல்லோருக்கும் சொல்வது இரண்டே விஷயம். ஒன்று, பிஷ் து பே, அதாவது மாதச் சம்பளச் சீட்டு; ஒன்றைக்கூடத் தொலைக்காதே, கடைசியில் காப்பாற்றுவது அதுதான். மற்றது, காட் கைக்கு வரும்வரை வாய் திறக்காதே. விசா காட் கிடைக்கப்போகிறது என்று ஒரு ஞானஸ்நான விருந்தில் வாய்விட்டவர் பிறகு மூன்று வருடம் அலைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாவூறு என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்களில் யாரும் சிரிப்பதில்லை.

வள்ளிநாயகி சனி, ஞாயிறுகளில் என் கடைக் கல்லாவில் நிற்பவள். திருநெல்வேலிப் பிள்ளை. பாரிஸில் நிதித்துறையில் மேற்படிப்பு முடித்தவள். முதல்நாள் என்னை "ஆன்ட்டி" என்றாள். இன்னொருமுறை அப்படிக் கூப்பிட்டால் வேலை இல்லை என்றேன். அன்றிலிருந்து அக்கா.

படிப்பு முடிந்ததும் வேலை தேடுவதற்கென்று ஒரு வருடக் காட் கொடுத்திருந்தார்கள். ஜனவரி இருபதோடு அது முடிகிறது. அதற்குள் ஒரு நிறுவனம் அவளுக்காக வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். நாற்பதுக்கு மேற்பட்ட நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தாள். எல்லா இடத்திலும் நன்றாகத்தான் பேசுவார்களாம். கடைசியில் "உங்களுக்கு அனுமதி எடுக்க வேண்டுமா?" என்று கேட்பார்களாம். ஆமாம் என்றதும் முகம் மாறிவிடுமாம். பிறகு அறிவிக்கிறோம் என்பார்கள், அறிவிக்க மாட்டார்கள். ஞாயிறு மத்தியானங்களில் அவள் வெண்டிக்காய் நிறுப்பதைப் பார்த்தால் எனக்கே அலுப்பாக இருக்கும்.

ஒக்டோபரில் லா தெஃபான்ஸ் பக்கத்தில் ஒரு முதலீட்டு நிறுவனம் நான்கு சுற்றுத் தேர்வு வைத்தது. நான்கிலும் தேறினாள். ஆள் எடுக்கும் ஷார்லோத் என்ற பெண் அதற்குப்பிறகுதான் விஷயத்தைச் சொன்னாளாம்.

"வருசத்துக்கு ரெண்டு வெளிநாட்டுக்காரங்களுக்குத்தான் அவங்க அப்ளை பண்ணுவாங்களாம், அக்கா. மேலிடத்து முடிவு. ஒரு இடம் போயிருச்சு. மிச்சம் ஒண்ணு. எனக்கும் ஒரு துனிசியாப் பையனுக்கும் நடுவுல இருக்கு."

"எப்ப சொல்லுவினமாம்?"

"நவம்பர் கடைசில."

"அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத. அம்மா அப்பாக்கும் வேண்டாம். எனக்குச் சொன்னதே கூட."

"சரிக்கா."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நாட்டுக்கு ஒரு அளவு, கொம்பனிக்கு ஒரு அளவு, அந்த அளவுக்குள் இந்தப் பிள்ளை அகப்பட வேண்டுமாம். நான் பப்பியே எடுத்த காலத்தில் ஒரு கதவை நம்பி யாரும் நிற்கவில்லை. அகதி வழக்கு ஒரு பக்கம் போகும், வேலைக் கடிதம் ஒரு பக்கம் போகும், எது திறக்கிறதோ அதற்குள் நுழைந்துவிடுவோம். எனக்குத் தெரிந்த வழி அதுதான். ஆகவே என் கடையில் கணக்காளர் வேலை என்று அவளுக்கு ஒரு கொந்திரா, வேலை ஒப்பந்தம், எழுதி, அனுமதிக்கு நானே விண்ணப்பிக்க முடிவு செய்தேன். அந்தப் படிப்புக்குச் சட்டம் சொல்கிற சம்பளத்தையும் போட்டேன். என்னுடையதைக் குறைத்துக்கொள்ளலாம், நான் என்ன பட்டா உடுத்தப்போகிறேன்.

வருடமுடிவுக் கோப்புக்கு என்று பொய் சொல்லி அவளுடைய பாஸ்போர்ட், காட், பட்டம் எல்லாவற்றையும் படியெடுத்து வாங்கினேன். கடைக் கணக்குப் பார்க்கிற றொஜர் கணினியில் விண்ணப்பத்தை நிரப்பினான்.

"அக்கா, பிள்ளையிட்டைச் சொன்னனீங்களோ?"

"கைக்கு வரட்டும், சொல்லுவம்."

"இஞ்சை அவவின்ர மின்னஞ்சல் கேட்குது."

"கடையின்ரையைப் போடு தம்பி. அவளுக்குப் போனா பிறகென்ன ரகசியம்?"

அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு அப்படியே போட்டான். நான் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

நவம்பர் கடைசி வந்தது, போனது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கிடைக்கவில்லை போலும், புண்ணைக் கிண்டக்கூடாது என்று நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் கல்லாவில் நின்று மெல்லப் பாட்டு முணுமுணுத்தாள். புதிதாக ஒரு கறுப்புக் கோட் வாங்கியிருந்தாள். யாரோ பொடியன் அகப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை கடை நிறைய ஆட்கள். அவள் வந்தாள், ஏப்ரன் போடவில்லை. கோட்டோடு நின்றாள்.

"அக்கா, எனக்கு நீங்க பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணியிருக்கீங்களா?"

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அனுமதி வந்துவிட்டது, இவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். "ஓம் பிள்ளை! வந்திட்டுதே?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

பொதிகள் அடுக்கியிருக்கும் பின்னறைக்குக் கூட்டிப்போனேன். அரிசி மூட்டையில் உட்கார்ந்து சொன்னாள். நவம்பர் கடைசியில் நிறுவனம் அவளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது. வேறு எந்த முதலாளியும் உங்களுக்காக விண்ணப்பிக்கவில்லையே என்று கேட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவளுக்குத் தெரிந்தவரை இல்லை, கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவர்களுடைய விண்ணப்பம் திரும்பி வந்திருக்கிறது, இந்த ஆளுக்கு ஏற்கெனவே ஒரு பலசரக்குக் கடையின் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, விளக்கம் தரவும் என்று.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன், நம்பல. பொய் சொல்ற ஆளை ரிஸ்க் டிபார்ட்மெண்ட்ல எப்படி வைக்கிறதுன்னு கேட்டாங்க. வியாழக்கிழமை அந்த இடத்தைத் துனிசியாப் பையனுக்குக் கொடுத்துட்டாங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா."

எனக்குக் கோபம் வந்தது. குற்றம் செய்தவர்களுக்குத்தானே முதலில் கோபம் வரும். "நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை? உனக்குக் கிடைச்சதெண்டு தெரிஞ்சிருந்தா அண்டைக்கே என்ர விண்ணப்பத்தை எடுத்திருப்பன்!"

"நீங்கதானேக்கா சொன்னீங்க. கார்ட் கைக்கு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு."

வெளியே யாரோ கல்லாவைத் தட்டி, "அக்கா, ஆளில்லையோ?" என்று கேட்டார்கள். நான் போகவில்லை.

அவளிடம் நம்பர் வாங்கி அங்கிருந்தே ஷார்லோத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் கொட்டினேன். தவறு என்னுடையது, பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, வேண்டுமானால் கடைக்கு வந்து பாருங்கள் என்றேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். அவளும் களைத்துப்போன குரலில்தான் பேசினாள். "நான் உங்களை நம்புகிறேன், மதாம். ஆனால் இரண்டு இடமும் முடிந்துவிட்டது. அடுத்த வருடத்து இரண்டு இடமும் ஏப்ரலில்தான் திறக்கும்." ஏப்ரலில் இவள் எந்த நாட்டில் இருப்பாள் என்று நான் கேட்கவில்லை.

நான் குடியிருக்கும் பொண்டிக்குப் போகும் ரயிலில் அன்று எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். எத்தனை பேருக்கு இந்தப் புத்தியைச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப்பார்க்கப் பயமாக இருந்தது.

ஜனவரி ஒன்பதாம் தேதி கடையின் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கணக்காளர், பலசரக்குக் கடை, ரூ காய். ஒரு கேள்வி இல்லை, ஒரு தடங்கல் இல்லை. மற்றவர்களுக்கு வருடக்கணக்கில் நான் மன்றாடிக் கேட்ட கடிதம் இது. அச்செடுத்துக் கையில் எடுத்ததும் கசந்தது.

உடனே வள்ளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தாள்.

"வேண்டாமெண்டா விடு, பிள்ளை. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

"விட்டா இருபதாம் தேதி ஃப்ளைட்டுக்கா," என்றாள். பேனாவை வாங்கிக் கொந்திராவில் கையெழுத்துப் போட்டாள். பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, என் முன்னாலேயே திருநெல்வேலிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, வேலை கிடைச்சிருச்சுப்பா. ஆமா, பாரிஸ்லயேதான். ஃபைனான்ஸ்தான்பா. பெரிய இடம்." அந்தப் பக்கத்தில் அவர் அழுவது எனக்கே கேட்டது. அவள் ஃபோனைக் காதில் வைத்தபடியே ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கார்ட் இன்னும் கைக்கு வரல. சொல்லிட்டேன்கா."

"நல்லது, பிள்ளை," என்றேன்.

முன்பக்கத்தில் ஒருவர் உறையோடு காத்துக்கொண்டிருந்தார். வேறு ஆளைப் பாருங்கள் அண்ணை, எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன்.